பூட்டு அடையாளம்

"அந்த ஆஸ்பத்திரி வெப்சைட்டுல வியாதியெல்லாம் எழுதாதட்டி. நாலு பேருக்குத் தெரிஞ்சா உன்ன எவன் கெட்டுவான்?" என்றாள் சத்தியபாய்.

மகள் ஷைஜா போனைக் காட்டினாள். "முகவரி சரியான்னு பாத்தாச்சு. பூட்டு அடையாளம் இருக்கு. நம்ம விவரத்த யாருக்கும் குடுக்க மாட்டோம்னு எழுதியிருக்கான், அதையும் முழுசா வாசிச்சிட்டேன்மா."

தைராய்டு என்று எழுதி, டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கினாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் வேலை முடிந்து வந்தபோது, எதிர்வீட்டு கனகபாய் வாசலில் நின்றாள்.

"தைராய்டுக்கு முட்டைக்கோஸ் ஆகாது, கேட்டியா மக்களே."

ஷைஜா போனை எடுத்து அந்த வெப்சைட்டை மறுபடியும் திறந்தாள்.

"நான் அப்பவே சொன்னேம்லா" என்றாள் சத்தியபாய். "வெப்சைட்டுக்காரன் ஊரு பூரா பரப்பிட்டான்."

"எந்த வெப்சைட்டு?" கனகபாய் விழித்தாள். "இன்னைக்குக் காலத்த சர்ச்சு உபவாச ஜெபத்துல, மவளுக்கு ஜெபிக்கணும்னு நீங்கதான அக்கா எழும்பிச் சொன்னிய? வியாதி, டாக்டரு பேரு எல்லாம் சொன்னியளே. நான் வீட்டுல மீன் கழுவிட்டே கேட்டேன்."

ஷைஜா அம்மாவைப் பார்த்தாள்.

"நான் ஆண்டவருகிட்டதானட்டி சொன்னேன்."

"மைக்குலயா?"