திருமங்கலம் தாளுக்குள் வருகிறது

பால்கோவா கடை மேசையில் பழைய பிரிண்டர் கரகரக்கிறது. பார்சல் முகவரியின் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்துக்குக் கீழேயே தொடங்கி, படிக்கட்டாய் இறங்கி, கடைசியில் ‘திருமங்கலம்’ தாளைவிட்டே வெளியேறிவிடுகிறது. “கையால எழுதிருவோம்மா, மதுரை பஸ்சு வந்துரும்” என்கிறார் அசன் முகம்மது. மகள் அஸ்ஃபியா திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை. “செத்த நேரம் பொறுங்கத்தா. டெலிபிரிண்டர் காலத்துப் பழக்கம், கம்ப்யூட்டர் இன்னும் விடல. தாளை ஏத்த ஒரு உத்தரவு, அச்சடிக்கிற தலையை இடது ஓரத்துக்குத் திருப்ப இன்னொண்ணு. நான் மொத உத்தரவு மட்டுந்தான் குடுத்திருக்கேன்.” உள்ளே வாணலியில் கரண்டி உரசுகிறது. விட்டுப்போன உத்தரவைச் சேர்க்கிறாள். தெருமுனையில் ஹாரன் அலறுகிறது. அச்சுப் பொத்தானை அழுத்துகிறாள். பிரிண்டரின் தலை சர்ரென்று இடது ஓரத்துக்கு ஓடிவருகிறது. திருமங்கலம் தாளுக்குள் வந்து நிற்கிறது.