தியாகியின் எலும்பு

டெய்ரி ஃபார்ம் பேட்டையில் வீடு கட்ட வானம் தோண்டியபோது, சொக்கலிங்கத்தின் மனையில் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது.

"எங்க கொள்ளுத்தாத்தாதான். வெள்ளைக்காரனை எதிர்த்துக் காலாபானித் தீவுக்குக் கைதியா வந்தவர்" என்றார் அன்று மாலையே.

சுதந்திரம் வந்து இருபது வருஷமாகியிருந்தது. கைதிக் கப்பலில் வந்தவர்களின் வாரிசுகளில் யாரைக் கேட்டாலும் முன்னோர் தியாகிதான். திருடியவனுக்கும் வெட்டியவனுக்கும் மட்டும் ஏனோ வம்சமே தழைக்கவில்லை.

எதிர்வீட்டுப் பன்னீர்செல்வமும் அதே எலும்புக்கு உரிமை கொண்டாடினார். கைகலப்பு வருமுன் சர்க்கார் டாக்டர் குறுக்கிட்டு, எலும்பை இந்திராணியிடம் ஒப்படைத்தார். எலும்பைப் பார்த்தே ஆணா பெண்ணா, என்ன வயசு என்று சொல்லும் படிப்பு அவளுக்கு. மெட்ராஸிலிருந்து பயிற்சிக்கு வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மண்டையோட்டை மடியில் வைத்து அவள் அளப்பதைக் கண்டு சொக்கலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வயசுப் பெண் செய்கிற காரியமா, ஈவு இரக்கம் உண்டா என்று ஊரே கரித்துக் கொட்டியது. சொக்கலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார். தியாகி வீடு என்று கல்வெட்டு வைக்க வேண்டுமே.

"சார், இது ஆம்பளை இல்ல. இடுப்பெலும்பு தெளிவாச் சொல்லுது. முப்பது வயசைத் தாண்டாத ஒரு அம்மா."

"நல்லாப் பாரும்மா."

"பார்த்துட்டேன் சார்."

அந்தக் காலத்தில் பெண் கைதியை எதற்காகக் கப்பலேற்றுவார்கள் என்பது தீவில் எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் கொலைக்குற்றம். சொக்கலிங்கத்தின் சொந்தக் கொள்ளுப்பாட்டியே அப்படி வந்தவள்தான். வீட்டில் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது.

பன்னீர்செல்வம் மெல்ல நழுவினார். "அரே, எங்க குடும்பத்துல அப்படி யாரும் கிடையாது" என்று சொக்கலிங்கமும் கையை உதறினார்.

யாரும் வாங்கிக்கொள்ளாவிட்டால் பெட்டியில் போட்டுக் கல்லூரிக்கே எடுத்துப் போகச் சொன்னார் டாக்டர். கல்லூரியில் எலும்புகள் நிறைய இருக்கின்றன என்று இந்திராணி மறுத்துவிட்டாள். எலும்புகளை மூட்டையாகக் கட்டித் தூக்கிக்கொண்டு மயானத்துக்கு நடந்தாள். மனையின் தோஷம் கழிந்ததா என்று பார்க்கச் சொக்கலிங்கமும் பின்னாலேயே போனார்.

மயானக் காவலாள் வழிமறித்தான். "ரிஷ்தேதார் யாரு? உறவு இல்லாம கொள்ளி வைக்க விடமாட்டேன்."

சொக்கலிங்கம் கடலைப் பார்த்தார்.

"நான்தான். பேத்தி" என்றாள் இந்திராணி.

அவளே கொள்ளி வைத்தாள். சொக்கலிங்கத்துக்கு ஒரு கணம் வெட்கமாகத்தான் இருந்தது.

மறுநாள் அபர்தீன் பஜார் டீக்கடையில், எலும்பு என்னவாயிற்று என்று பன்னீர்செல்வம் விசாரித்தார்.

சொக்கலிங்கம் குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பொண்ணு தன் வாயாலேயே பேத்தின்னு சொல்லிட்டாய்யா. கொலைகாரக் குடும்பம். நல்லவேளை, நாம சம்பந்தம் இல்லேன்னுட்டோம்."