பொருத்தமான ஆள்

பிறிஜெற்றுக்கு எலும்பு மச்சையில் புற்றுநோய் என்று கேள்விப்பட்டு, மூன்று வருடமாகப் பேசாமலிருந்த அண்ணன் கொன்ஸ்ரன்ரைன் கொழும்பு கொட்டாஞ்சேனையிலுள்ள அவளுடைய வீட்டுக்கு வந்தார். நாட்டில் போர் உச்சத்தில் இருந்த நேரத்தில் அவள் சிங்களவனான சுனிலைக் கட்டியதை அவர் மன்னிக்கவேயில்லை.

"மைலோமாவாம். ஸ்டெம் செல் ஏத்தவேணுமாம். கூடப்பிறந்தவன்ர பொருந்துமெண்டு சொல்லினம். நான் தாறன். ஆனா நீ அவனை விட்டிட்டு எங்கட வீட்டுக்கு வரவேணும்."

"வேண்டாம் அண்ணா. ஆள் கிடைச்சிட்டுது."

"ஆர்? அவன்ர ஆக்களோ?"

"இல்லை, தமிழ் ஆள்தான். எங்கட கோயில்லதான் ஞானஸ்நானமும்."

"பொருந்துமோ?"

"அச்சொட்டாப் பொருந்துமெண்டு டொக்டர் சொல்லிட்டார்."

"ஆரெண்டு சொல்லன்!"

பிறிஜெற் முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"நான்தான். என்ர செல்லையே எடுத்து உறைய வைச்சு, கடும் மருந்து தந்து நோயை அடக்கின பிறகு, எனக்கே திருப்பி ஏத்துவினம். இந்த வருத்தத்துக்கு அதுதான் வழக்கமாம்."

சுனில் இரண்டு கோப்பைத் தேத்தண்ணியோடு வந்து, "அய்யே, இருங்கோ" என்று சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லி அழைத்தான்.

"அண்ணனா வாறதெண்டா எப்பவும் வாங்கோ. பேரம் பேச வராதேங்கோ. வைத்தியத்துக்குச் சென்னைக்கு என்னோட வாறது இவர்தான்" என்றாள் பிறிஜெற்.

அவர் குடிக்காமலே வெளியேறினார்.

பிறிஜெற் தன் கோப்பையை முடித்துவிட்டு அவருடையதையும் எடுத்தாள்.

"எனக்குத்தான் இப்ப தெம்பு வேணும்" என்று சுனிலிடம் சொல்லி, அதையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.