தென்னேரி அத்தையின் தீர்ப்பு

"பாஸ்போர்ட்ட இப்பிடி குடு."

பரிமளா அத்தை கையை நீட்டினாள். தமிழ்ச்செல்வி அப்பாவைப் பார்த்தாள். அப்பா கலைச்செல்வன் மின்விசிறியைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் கொடுத்தாள். அத்தை அதை நாலு பக்கம் புரட்டிவிட்டுத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

ஜாம்பியாவில் தாயில்லாத காண்டாமிருகக் குட்டிகளை வளர்க்கும் சரணாலயம் ஒன்றில் இரண்டு வருஷம் தன்னார்வலராக இருந்துவிட்டு, லீவில் சொந்த ஊரான மானாம்பதிக்கு வந்திருந்தாள் தமிழ்ச்செல்வி. திரும்பவும் மூன்று வருஷம் போகப் போவதாக அவள் சொன்ன அன்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அம்மா வளர்மதி அழுது பார்த்தாள். அப்பா கத்திப் பார்த்தார். கடைசியில் தென்னேரிக்குப் போன் போட்டு அக்காவை வரவழைத்துவிட்டார்.

அந்தக் குடும்பத்தில் அத்தை சொன்னால் சொன்னதுதான். பைக் எந்தக் கலர் என்பதும், கலைச்செல்வன் மீசை வைக்கலாமா என்பதும்கூட அவள் முடிவு செய்தவைதான்.

முறத்தில் வேர்க்கடலையைக் கொட்டி உரிக்க ஆரம்பித்தாள் அத்தை. விசாரணையும் ஆரம்பித்தது.

"காலையில எப்ப எழுந்துக்கணும்?"

"இருட்டோட எழுந்து பால் கரைக்கணும் அத்தே. கொஞ்சம் லேட்டானாலும் கதவ முட்டி ஒடச்சிடும்."

"சாணி?"

"நாங்கதான் அள்ளணும். வண்டி வண்டியா போடும்."

வளர்மதி தலையில் கைவைத்துக்கொண்டாள். "கேட்டுக்கோக்கா! நம்ம வூட்டு மாட்டுக்கு அள்ளச் சொன்னா மூக்கப் புடிச்சிக்கினு ஓடுவா. இதுக்கா காலேஜு படிக்க வெச்சோம்?"

"நீ சும்மா இரு வளரு. ஏண்டி, சோத்துக்கு இன்னா வழி?"

"மக்காச்சோள மாவுல களி மாதிரி கிண்டுவாங்க. கூட கீரை."

"அத யாரு கிண்டுறது?"

"சமையலுக்கு ஆளு கீறாரு அத்தே. நாம அடுப்புப் பக்கமே போவ வேணாம்."

"ம்... கண்ணாலம் ஆனவங்கன்னா வூட்டுக்காரரையும் இட்டுக்கினு வரணுமா?"

"அவசியமில்லியே."

"நல்லாத் தெரியுமா?"

கலைச்செல்வன் மனைவிக்குக் கண்ணைக் காட்டினார். அக்கா கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டாள்!

"நீ வளக்குற குட்டிக்கு இன்னா பேரு?"

தமிழ்ச்செல்வி முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஏகாம்பரம்."

ஏகாம்பரம் என்பது அத்தை வீட்டுக்காரரின் பெயர்.

"மாமா பேரையாடி வெச்சே?"

"வயிறு ரொம்பினா எங்க நிக்குதோ அங்கியே தூங்கிடும். பாத்ததும் மாமா ஞாபகம் வந்துச்சு அத்தே..."

அத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு இருமினாள். கோபமா, வேறு ஏதாவதா என்று யாருக்கும் பிடிபடவில்லை.

"அங்க கீறவங்க அல்லாம் உன் வயசுப் புள்ளைங்கதானா?"

"இல்லத்தே. ஜெர்மனியிலேர்ந்து ஒரு அம்மா வந்துகீறாங்க. நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவங்க, அறுபது தாண்டிடுச்சு. குட்டிங்க அவங்க பின்னாலயேதான் சுத்தும்."

கடலை உரித்துக்கொண்டிருந்த விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு முன்னைவிட வேகமாக உரித்தன.

தமிழ்ச்செல்வி போனில் ஒரு வீடியோவைப் போட்டு நீட்டினாள். சேற்றில் புரண்டுகொண்டிருந்த குட்டி, அவள் கூப்பிட்ட குரலுக்குத் தலைதெறிக்க ஓடிவந்து அவள் மடியில் தலையை வைத்துப் படுத்தது.

"கொம்புக்காக இதோட அம்மாவச் சுட்டுட்டாங்க அத்தே. நான் இங்க வந்த மொத வாரம் பாலே குடிக்கலியாம். இப்ப என் பழைய சட்டையப் போட்டுக்கினுதான் ஒருத்தர் குடுத்துக்கினு கீறாரு."

அத்தை வீடியோவை முழுசாகப் பார்த்தாள். தானே இன்னொரு தரம் போட்டும் பார்த்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முறத்தைத் தள்ளி வைத்தாள்.

"கலை."

"சொல்லுக்கா."

"அவ்ளோ தூரத்துக்குப் பொண்ணைத் தனியா அனுப்ப முடியாது."

கலைச்செல்வன் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விட்டார். "அப்பிடிச் சொல்லுக்கா! இதையே நான் சொன்னா பேஜார் பண்றா." வளர்மதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாத்தனாருக்குக் கேசரி கிளற அடுப்படிக்கு ஓடினாள்.

தமிழ்ச்செல்வி உள் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்து, சரணாலயத்துக்குச் செய்தி அனுப்பப் போனை எடுத்தாள். கண்ணில் நீர் கட்டி எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னாத்த எழுதிக்கினு கீறே?"

"வரலேன்னுதான். நீதான் தனியா அனுப்ப முடியாதுன்னுட்டியே."

அத்தை கதவை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவள் காதருகே குனிந்தாள்.

"ரெண்டு பேரா வரோம்னு எழுதுடி."