கருவாட்டுக் காவல்

மனைவி யுக் லானைப் பாக் வெங் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவனைப் பரீட்சைக்கு விரட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்தா மார்க் போடுவாங்களா? கிளம்புங்க."

"ஆபரேஷன் முடிஞ்சதும் போறேனே..."

"ஆபரேஷனுக்கு டாக்டர் இருக்கார். பரீட்சைக்கு நீங்கதான இருக்கீங்க?"

போனான். பாஸும் பண்ணினான். அவள்தான் மயக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

அவன் படித்தது சூதாட்டக்கூட நிர்வாகம். சீனாவின் சூதாட்ட நகரமான மக்காவ்வில் ஒரு பல்கலைக்கழகத்தில், ஐம்பது வயதில், இரண்டு வருஷப் படிப்பு. சேர்த்துவிட்டவள் யுக் லான்.

தெருவே சிரித்தது. பாக் வெங் டாக்சி ஓட்டிய நேரத்தைவிட, சூதாட்டக் கூடத்தில் உட்கார்ந்து, நல்ல புள்ளி வரட்டும் என்று சீட்டின் ஓரத்தை ஊதி ஊதிப் பிரித்த நேரம்தான் அதிகம்.

"பூனையைப் பிடிச்சுக் கருவாட்டுக்குக் காவல் வைக்கிறியே அக்கா," என்றான் அவள் தம்பி ஹௌ மிங். "அத்தான் திருந்தணும்னு கோயில் கோயிலா ஊதுவத்தி கொளுத்தினவ நீதான?"

"சாமியால முடியல. வாத்தியாராவது பாக்கட்டும்."

பாக் வெங்குக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயிக்கிற சூட்சுமத்தை இனி உள்ளேயிருந்தே கற்றுக்கொள்ளலாம்.

முதல் பருவத்திலேயே கணக்கு வாத்தியார் அந்த ஆசையில் மண்ணைப் போட்டார்.

"நாள் கணக்கா ஆடினா, ஆடறவன் தோப்பான், கூடம்தான் ஜெயிக்கும். யாருக்காவது சந்தேகம் இருக்கா?"

"இருபது வருஷமா இருந்துச்சு சார். இப்பத்தான் தீந்துச்சு," என்றான் பாக் வெங்.

வகுப்பே சிரித்தது. அன்று சாயங்காலமும் ஆடப் போனான்.

இரண்டாம் வருஷம், சட்ட வகுப்பு. கூடத்தில் வேலை பார்ப்பவர்கள், வேலை நேரம் தவிர, ஊரில் எந்தக் கூடத்துக்குள்ளும் காலெடுத்து வைக்கக் கூடாதாம். சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாளுக்கு மட்டும் விலக்காம்.

பாக் வெங்குக்கு வியர்த்தது. ஐயோ, இது தெரியாமல் சேர்த்துவிட்டாளே!

படிப்பை விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் காரணத்தை எந்த வாயால் சொல்வது?

"படிப்பை நிறுத்திடலாம்னு பாக்கறேன்," என்றான் சாப்பிடும்போது.

"ஏன்?"

"கண்ணு சரியாத் தெரியல."

"சீட்டுல இருக்கற புள்ளி தெரியுதா?"

"அது... தெரியுது."

"அப்ப எழுத்தும் தெரியும். கஞ்சி ஆறுது, குடிங்க."

அவள் போய் ஒரு மாதத்தில், ஒரு கூடத்திலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், அதோடு ஆட்டம் முடிந்தது. போடாவிட்டால், ஏனென்று கேட்க இனி வீட்டில் ஆளில்லை.

"போடுங்க அத்தான். அக்கா ஆசைப்பட்டதுதான?" என்றான் ஹௌ மிங். இப்போதெல்லாம் அவன் சிரிப்பதில்லை.

"உங்கக்கா அந்தச் சட்டம் தெரியாம ஆசைப்பட்டாடா, பாவம்."

சான்றிதழ் வாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போன அன்றும், ஒப்பந்தம் கையெழுத்தில்லாமல் பையிலேயே கிடந்தது.

அலுவலகப் பெண் கோப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தாள்.

"பேரு, பிறந்த தேதியெல்லாம் சரியான்னு ஒரு தடவை பாத்துடுங்க சார். அச்சடிச்சுட்டா மாத்த முடியாது."

சேர்க்கைப் படிவம். யுக் லான் நிரப்பி நீட்டியது. டாக்சிக்குள் உட்கார்ந்தபடியே, படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான்.

பெயர் சரி. பிறந்த தேதி சரி.

'இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கக் காரணம்' என்ற கட்டத்தில், அவளுடைய குண்டு குண்டு எழுத்து:

"இந்த வேலையில் சேர்ந்தால் வருஷத்தில் மூன்று நாள்தான் நான் ஆட முடியும். அந்த மூன்று நாளும் என் மனைவி என்னைத் தன் அம்மா வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவாள்."

அதற்குக் கீழே அவனுடைய கையெழுத்து இருந்தது.