வெளித் தாழ்ப்பாள்

“கதவத் தொறடி லட்சுமி! நா இன்னா திருடனா, இப்படி பூட்டி வெச்சிக்கினுகீற?”

கன்னியப்பன் உள்ளேயிருந்து கதவை அடித்த அடியில், நிலையில் செருகியிருந்த வேப்பிலைக் கொத்து கீழே விழுந்தது. ஆதிலட்சுமி அதை எடுத்து மறுபடியும் செருகினாள். வெளித் தாழ்ப்பாளில் தொங்கிய பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டாள்.

“சத்தம் போடாத மாமா. நெஞ்சத் தொறந்து ஆபரேஷன் பண்ண ஒடம்பு. பேசாம படு.”

மகன் மோகனின் கல்யாணத்துக்கென்று குளியலறையோடு கட்டிய அறை அது. ஊரடங்கில் கல்யாணம் தள்ளிப்போக, முதலில் குடிபோனவர் மாப்பிள்ளையின் அப்பாதான்.

நடவுக்கு வந்த ஒருத்திக்குக் கொரோனா என்று தெரிந்ததும், புருஷன் பெண்டாட்டி இருவர் மூக்கிலும் குச்சி விட்டு டெஸ்ட் எடுத்துப் போயிருந்தார்கள். கிராம நர்ஸ் பிரிஸ்கில்லா போனில் முடிவைச் சொன்ன கையோடு, ஆதிலட்சுமி புருஷனை அறைக்குள் தள்ளிப் பூட்டிவிட்டாள். “உனக்கு வந்துடுச்சி மாமா” என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

அன்றிலிருந்து சாப்பாடு கூடத்து ஜன்னல் வழியாகத்தான். இரண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு தட்டை வைத்துவிட்டு, கூடத்துக் கோடியில் போய் நின்றுகொண்டுதான் குரல் கொடுப்பாள். கட்டியவளே கிட்டே வர பயப்படுகிறாளே என்று அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும்.

“உனக்கு அம்மை போட்டப்ப நா ஓடனா? பக்கத்துலயே பாய் போட்டு படுத்துக்கினு வேப்பிலயால தடவி வுட்டேன். எனக்கும் போட்டுச்சி. அப்பவும் நவுந்தனா?”

“நவுரலியே மாமா. எவ்ளோ சொல்லியும் நவுரலியே!”

“நீ பயந்தாங்கொள்ளிடி.”

“ஆமா. எனக்கு பயந்தான்.”

அது பொய்யில்லை. போன வருஷம் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் தாலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வந்த பயம், இன்னும் அவளைவிட்டுப் போகவில்லை. இந்த நெஞ்சுக்கு இந்த நோய் வந்தால் தாங்காது என்று டாக்டர் வேறு சொல்லியிருந்தார்.

அடுப்பில் பாலை ஏற்றிவிட்டு, அங்கேயே நின்று பிரிஸ்கில்லாவுக்குப் போன் போட்டாள். விரலில் மாட்டிப் பார்க்கும் கருவியை இடுப்பில் செருகியிருந்தாள்.

“சிஸ்டர், ஆக்சிஜன் எண்பத்தேழுக்கு எறங்கிடுச்சி. காலையில நல்லாத்தான் காட்டுச்சி.”

“ஐயோ, உடனே சொல்றதில்லையாம்மா? எங்க கேட்டாலும் பெட் இல்லங்கறாங்க. இருங்க, யார் கால்ல வுழுந்தாவது ஒண்ணு வாங்கறேன். வண்டிய அனுப்பறேன். பையன் வந்துட்டாரா?”

“ஒரகடத்துலேருந்து வந்துக்கினு கீறான்.”

அவள் போனை வைப்பதற்குள் அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. “பால் தீயிற நாத்தம் இங்க வரைக்கும் வருது! அடுப்பாண்டயே நின்னுக்கினு இன்னாடி பண்ற?”

திரும்பிப் பார்த்தாள். பால் சுண்டி, பாத்திரமே கருகிக்கொண்டிருந்தது. இந்த நேரத்தில் பால் எங்கே, பாத்திரம் எங்கே என்று யாருக்குத்தான் நினைப்பு இருக்கும்? அடுப்பை அணைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தாள்.

“மாகறலீஸ்வரா, அந்த மனுஷன மட்டும் காப்பாத்திக் குடு” என்று அங்கிருந்தே கும்பிட்டாள்.

ஊளையிட்டுக்கொண்டு ஆம்புலன்ஸ் தெருவில் நுழைந்தது. எதிர்வீட்டு ஜன்னல்கள் படபடவென்று மூடிக்கொண்டன. அதுவரை சிங்கம்போலக் கத்திக்கொண்டிருந்த கன்னியப்பனின் குரல் சின்னக் குழந்தையின் குரலாகிவிட்டது.

“லட்சுமி, எனக்கா வண்டி? வாணாம்டி. போனவன் எவனும் திரும்பி வரலியாம். மூஞ்சகூட காட்டாம மூட்ட கட்டிடறாங்களாம். என்ன அனுப்பாதடி!”

“இல்ல மாமா. உன்ன எங்கயும் அனுப்ப மாட்டேன். நா இருக்கசொல்ல உன்ன அனுப்புவனா?”

கதவைத் தொடப்போன கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். உள்ளே அவர் விம்முவது கேட்டது. அவளுக்கும் அழத்தான் வந்தது, அழ மூச்சு இல்லை.

தலை முதல் கால் வரை கவச உடை மாட்டிய ஆம்புலன்ஸ்காரர் ஸ்ட்ரெச்சரோடு கூடத்துக்குள் வந்தார். வேப்பிலையையும் பூட்டையும் பார்த்ததும் அவருக்குக் கேள்வியே தேவைப்படவில்லை.

“சாவியக் குடும்மா. பெட்டு போயிடப்போவுது, சீக்கிரம்” என்று கையை நீட்டினார்.

ஆதிலட்சுமி சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, மாஸ்க்கின் மேல் விரல் வைத்தாள்.

“மெதுவா பேசுங்கண்ணா, தெரிஞ்சா அவரும் கூடவே ஏறிடுவாரு. நோவு எனக்குத்தான்.”