அடுக்கின் அடியில்

துறைமுக யார்டு மேற்பார்வையாளருக்கு அந்தப் பச்சைக் கன்டெய்னரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். காலிப் பெட்டிதான். கப்பலில் ஏற்றி அனுப்பினால், மறுநாள் காலையில் அதே அடுக்குக்கு அடியில் வந்து உட்கார்ந்திருக்கும், தலைமேல் நாலு பெட்டிகளோடு. அதை உருவ வேண்டுமானால் நாலையும் கிரேனால் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். இதுதான் கடைசித் தடவை, இனியும் டீசலை வீணடித்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

“கப்பல்ல ஏத்துறியா, இல்ல என் கண்ணுல மண்ணத் தூவுறியா மாப்ள?” என்று கிரேன் ஓட்டுகிற மைத்துனன்மேல் பாய்ந்தார்.

“அவ்வளவு சந்தேகமா இருந்தா நீங்களே உள்ள ஏறிப் போய்ப் பாருங்க மாமா!”

“போறேன்டா! சாத்துடா கதவ!”

மைத்துனனுக்கும் ரோஷம். சாத்தினான், தூக்கினான், ஏற்றினான். கப்பலும் போயிற்று.

மறுநாள் காலையில் பச்சைப் பெட்டி திரும்பி வரவில்லை. அடுக்கு மட்டும் அசையாமல் நின்றது. மைத்துனன் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். பெட்டி இருந்த இடத்தில் மேற்பார்வையாளர் நின்றுகொண்டிருந்தார், நாலு பெட்டிகளையும் தலையில் தாங்கிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து.

“ஐயோ மாமா! இருங்க, கிரேனக் கொண்டாரேன்!”

“கிரேன்ல கைய வச்ச, கொன்னுடுவேன். டீசல் உங்கப்பனா குடுப்பான்?”